தண்ணீரில் பிஃபாஸ் பரிசோதனை: தானியங்கி சாம்பிள் தயாரிப்பு இயந்திரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுச்சூழல் ஆய்வகங்களில் வேலை செய்பவர்களுக்கும், அங்கே சேரப்போகிற வேதியியல் மாணவர்களுக்கும் எழுதியது இது. அமெரிக்காவின் பிஃபாஸ் பரிசோதனையை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அங்குள்ள முறைகள் எழுத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தானியங்கி இயந்திரத்தின் பலமும் பலவீனமும் அந்தப் பரிசோதனையில் தெரிகிற அளவுக்கு வேறெதிலும் தெரிவதில்லை.

பிஃபாஸ் என்றால் என்ன? அதைச் சோதிப்பது ஏன் இவ்வளவு சிரமம்?

கார்பனும் ஃபுளூரினும் இறுகப் பிணைந்த, மனிதர் செய்த ஆயிரக்கணக்கான சேர்மங்களின் குடும்பம் அது. ஒட்டாத பாத்திரம், தீயணைப்பு நுரை, எண்ணெய் ஊறாத உணவுக் காகிதம், தண்ணீர் ஒட்டாத துணி என்று பல இடங்களில் பயன்பட்டது. மண்ணிலும் நீரிலும் சிதையாமல் கிடக்கும்.

சிரமம் அளவில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ, குடிநீரில் பிஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரண்டுக்கும் தனித்தனியாக லிட்டருக்கு 4 நானோகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 10 மில்லிகிராம் கலந்தால் அந்த அளவு வந்துவிடும். நாம் கையில் வாங்கும் 250 மில்லி பாட்டிலில் இருப்பது 1 நானோகிராம்தான்.

சேர்மங்களைப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் கண்டு அளக்கும் விலையுயர்ந்த எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவி இருக்கும்போது சாம்பிளைத் தயாரிக்க வேண்டுமா? தண்ணீரை நேராக ஏற்ற முடியாதா?

சில ஆய்வகங்கள் ஏற்றுகின்றன. ஆனால் ஈபிஏவின் 533, 537.1 ஆகிய இரண்டு குடிநீர் முறைகளும் எஸ்பிஇ எனப்படும் கார்ட்ரிட்ஜ் முறையைக் கேட்கின்றன. தண்ணீர் முழுவதையும் ஒரு சிறிய கார்ட்ரிட்ஜ் வழியாக விடுகிறோம். பிஃபாஸ் அதில் தங்கிவிடும். பிறகு கொஞ்சம் மெத்தனாலை விட்டு அதை இறக்கி, நைட்ரஜன் ஊதி வற்றவைத்து, கடைசியில் 1 மில்லியாக்குகிறோம். 250 மில்லியில் இருந்தது 1 மில்லிக்குள் வந்தால் செறிவு 250 மடங்கு கூடுகிறது. வழியிலேயே உப்பும் மற்ற கசடும் கழன்றுவிடும்.

மின்னும் கருவியைத்தான் பார்வையாளர்களுக்குக் காட்டுவார்கள். ரிசல்ட் சரியா தப்பா என்பது பெரும்பாலும் அதற்கு முன்னால், கார்ட்ரிட்ஜ் மேசையில் முடிவாகிவிடுகிறது.

கையால் செய்தால் அந்த மேசையில் என்ன நடக்கும்?

533 முறையை எடுத்துக்கொள்வோம். 12 அல்லது 24 துளைகள் உள்ள ஒரு வேக்கம் மேனிஃபோல்டு, அதாவது காற்றை உறிஞ்சித் தண்ணீரைக் கீழே இழுக்கும் அமைப்பு. ஒவ்வொரு துளையிலும் ஒரு சின்னத் திருகு வால்வு, அதன்மேல் 500 மில்லிகிராம் பொடி நிரம்பிய கார்ட்ரிட்ஜ். முதலில் 10 மில்லி மெத்தனால், அப்புறம் 10 மில்லி பாஸ்பேட் பஃபர். இந்த இடத்தில் கார்ட்ரிட்ஜ் உலர்ந்துவிடக் கூடாது. உலர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. பிறகு சாம்பிள், நிமிடத்துக்குச் சுமார் 5 மில்லி வேகத்தில். 250 மில்லி இறங்க 50 நிமிடம்.

அந்த 50 நிமிடமும் ஆய்வாளர் குனிந்து சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு துளையில் சொட்டு வேகமாக விழும், பக்கத்துத் துளையில் நின்றுபோயிருக்கும். ஒன்றைத் திருகினால் வேக்கம் மாறி மற்றதெல்லாம் மாறும். ஒரு கார்ட்ரிட்ஜில் தண்ணீர் தீர்ந்து காற்று இழுக்க ஆரம்பித்தால் மொத்த மேனிஃபோல்டின் இழுவையும் குறையும். அதற்கப்புறம் அம்மோனியம் அசிடேட் கரைசலால் ஒரு கழுவல், 1 மில்லி மெத்தனால், 5 நிமிடம் காற்றில் உலர்த்தல், அம்மோனியா கலந்த மெத்தனாலை 5 மில்லி வீதம் இரண்டு முறை விட்டு இறக்குதல்.

ஒரு தொகுதியில் 20 சாம்பிள் வரை போடலாம். பிளாங்க் (பிஃபாஸ் இல்லாத சுத்தமான நீர்), ஸ்பைக் (அளவு தெரிந்து பிஃபாஸ் சேர்த்தது), டூப்ளிகேட் (அதே சாம்பிள் இன்னொரு முறை) எல்லாம் அதற்கு மேலே. அனுபவமுள்ள கை இதை அழகாகச் செய்யும். ஆனால் மாலை 5 மணிக்கு அதே கை காலையில் செய்ததுபோல் செய்யும் என்று யாரும் உறுதி தர முடியாது.

தானியங்கி இயந்திரம் இதில் எதை எடுத்துக்கொள்கிறது?

பம்ப், வால்வு, டியூப், கட்டுப்பாட்டு மென்பொருள், இவ்வளவுதான் அடிப்படை. ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனி பம்ப் உள்ள வகை இருக்கிறது. ஒரே கை நகர்ந்து நகர்ந்து ஒவ்வொன்றாகச் செய்யும் ரோபோ வகையும் இருக்கிறது. சிலவற்றில் வேக்கம் இழுக்கும், சிலவற்றில் மேலிருந்து அழுத்தம் தள்ளும்.

கார்ட்ரிட்ஜை நனைத்துத் தயாராக்குவது (கண்டிஷன்), சாம்பிள் ஏற்றுவது, கழுவுவது, உலர்த்துவது, இறக்குவது வரை அது பார்த்துக்கொள்ளும். சாம்பிளில் ஐசோடோப்பு ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டுக் கணக்கிட உதவும் குறியிட்ட சேர்மம்) சேர்ப்பது, பிஎச் பார்ப்பது, பாட்டிலை முன்னும் பின்னும் எடைபோட்டு கொள்ளளவு கண்டுபிடிப்பது எல்லாம் பெரும்பாலும் இன்னும் மனிதர் கையில்தான். நைட்ரஜன் வற்றலுக்குப் பல ஆய்வகங்களில் தனிக் கருவி இருக்கும்.

இயந்திரம் வாங்கினால் ரிசல்ட் இன்னும் துல்லியமாகுமா?

அதிகம் கேட்கப்படுவதும், விற்பனைத் துண்டறிக்கைகள் அதிகம் குழப்புவதும் இந்தக் கேள்வியைத்தான். இயந்திரம் தருவது ஒரே சீர்மை. எல்லாச் சாம்பிளுக்கும் ஒரே வேகம், ஒரே நேரம். உண்மையான மதிப்புக்கு அருகில் போவது வேறு விஷயம். தவறான வேகத்தில் இயந்திரம் சீராக ஓடினால் ரிசல்ட்டும் சீராகத் தவறாக வரும்.

இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். 533 முறையில் கார்ட்ரிட்ஜுக்குப் போகும் முன்பே ஐசோடோப்பு குறியிட்ட அதே சேர்மங்களைச் சாம்பிளில் சேர்த்துவிடுகிறோம். வழியில் 20 சதவீதம் தொலைந்தால் குறியிட்டதும் அதே அளவு தொலையும், கணக்கில் சரியாகிவிடும். 537.1 முறையில் சேர்க்கும் சரகேட் என்ற சோதனைச் சேர்மம், வேலை சரியாக நடந்ததா என்று காட்டும், அவ்வளவுதான். இழப்பை ரிசல்ட்டில் திருத்தித் தராது. ஆகவே கை நடுக்கமும் வேக மாற்றமும் 537.1 ரிசல்ட்டில் நேராக வந்து விழும். சீர்மையின் பலன் அங்கே கூடுதல்.

ஆனால் ஐசோடோப்பு திருத்த முடியாத ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வந்து கலக்கும் பிஃபாஸ். எனக்கு இழப்பைவிட அதைப் பற்றித்தான் கவலை அதிகம்.

வெளியிலிருந்து எப்படி வரும்? ஆய்வகத்தில் யாரும் பிஃபாஸ் பயன்படுத்துவதில்லையே?

இயந்திரமே கொண்டுவரலாம். வேதியியல் கருவி செய்பவர்களுக்குப் பிடித்த பொருள் டெஃப்லான். அமிலம் அரிக்காது, கரைப்பான் கரைக்காது, எதுவும் ஒட்டாது. அதனால் பம்ப் சீல், வால்வு ரோட்டர், டியூப் என எங்கும் அதுதான். அந்த டெஃப்லானைத் தயாரிக்கும்போது உதவிப்பொருளாகச் சேர்த்தது பிஎஃப்ஓஏ. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே இருந்த டூபாண்ட் ஆலை 1951 முதல் அதைப் பயன்படுத்தியது. அந்த வட்டாரத்துக் குடிநீரில் அது கலந்ததுதான் பிஃபாஸ் விவகாரத்தையே உலகுக்குத் தெரிய வைத்தது. எந்தப் பொருளைத் தேடுகிறோமோ அதன் மிச்சம், தேடும் கருவியின் குழாயில் இருக்க வாய்ப்பு உண்டு.

537.1 முறை இதை வெளிப்படையாகவே சொல்கிறது: தானியங்கி எஸ்பிஇ பயன்படுத்தலாம், பிரித்தெடுக்கும் படிகளும் இறக்கும் படிகளும் கைமுறையில் உள்ளபடியே இருக்க வேண்டும், இத்தகைய கருவிகளில் வழக்கமாக இருக்கும் டெஃப்லானால் பிளாங்கில் பிஃபாஸ் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே பிஃபாஸ் வேலைக்கென்று வரும் இயந்திரங்களில் பீக் என்ற பிளாஸ்டிக், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றால் ஆன பாகங்கள் இருக்கும். பழைய எஸ்பிஇ இயந்திரத்துக்கு இதற்கென மாற்றுப் பாகத் தொகுப்பும் கிடைக்கும்.

பிளாங்க் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்? நீங்கள் அறிக்கையில் தரும் மிகக் குறைந்த அளவின் மூன்றில் ஒரு பங்குக்குள். லிட்டருக்கு 3 நானோகிராம் வரை அறிக்கை தருகிறீர்கள் என்றால் பிளாங்க் லிட்டருக்கு 1 நானோகிராமைத் தாண்டக் கூடாது. சாம்பிள் குப்பி மூடியின் உட்பூச்சுகூட அந்த அளவைக் கொடுத்துவிடும். டெஃப்லான் பூசாத மூடிதான் வேண்டும்.

சாம்பிளை உறிஞ்சி முடித்ததும் காலி பாட்டிலைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. இயந்திரம் வாங்குபவர்கள் சரியாகக் கேட்காமல் விடும் கேள்வி இதுவே.

நீளமான சங்கிலி உள்ள பிஃபாஸ் சோப்பு போன்ற குணம் கொண்டது. ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். அதனால் தண்ணீருக்குள் சீராகப் பரவி நிற்காமல் பாட்டில் சுவரிலும் நீரின் மேற்பரப்பிலும் போய்ச் சேரும். பாட்டிலிலிருந்து 100 மில்லியை மட்டும் தனியே ஊற்றி எடுத்துச் செய்தால் சுவரில் ஒட்டியது கணக்கில் வராது. பாட்டிலில் வந்த தண்ணீர் முழுவதையும் எடுத்துவிட்டு, இறக்கும் கரைப்பானாலேயே பாட்டில் உட்புறத்தைக் கழுவி, அந்தக் கழுவலையும் கார்ட்ரிட்ஜ் வழியாக விட வேண்டும்.

ஐசோடோப்பு இருக்கிறதே, திருத்திவிடாதா என்று கேட்கலாம். சாம்பிளில் உள்ள பிஃபாஸ் நாள்கணக்கில் பாட்டிலுக்குள் இருந்து சுவரோடு ஒட்டியிருக்கிறது. குறியிட்டதை நாம் இன்று காலைதான் போட்டோம். இரண்டும் ஒரே அளவில் ஒட்டியிருக்கும் என்று நம்ப முடியாது. கழுவினால்தான் தீரும்.

இப்போது இயந்திரத்தைப் பாருங்கள். சிலவற்றில் உறிஞ்சுகுழாய் பாட்டிலின் அடிவரை போய்த் தண்ணீரை எடுக்கும், பாட்டிலை ஆய்வாளரே கழுவ வேண்டும். சிலவற்றில் தெளிப்பான் சுற்றிச் சுற்றித் தெளித்துத் தானே கழுவும். இன்னும் சிலவற்றில் பாட்டிலைத் தலைகீழாக மாட்டுவார்கள். தானே கழுவும் என்று சொன்னால் நம்பிவிடாமல், ஒருமுறை சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி வைத்துப் பாருங்கள். பாட்டில் தோள்பட்டையின் வளைவில் துளி தங்குகிறதா என்று கண்ணுக்கே தெரியும். வேலை முடிந்ததும் சாயம் போகும்வரை குழாய்களை நன்றாகக் கழுவி, பிளாங்க் ஒன்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அதிக மாசுள்ள சாம்பிளின் மிச்சம் அடுத்த சாம்பிளுக்குப் போகுமா?

போகும். கைமுறையில் கார்ட்ரிட்ஜும், அதன்மேல் சாம்பிள் ஊற்றும் ரிசர்வாயரும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுபவை. இயந்திரத்தில் டியூபும் வால்வும் நிரந்தரம். தீயணைப்புப் பயிற்சி மைதானத்துக் கிணற்று நீர் ஒன்று அந்தக் குழாய் வழியாகப் போனால், அடுத்து வரும் சுத்தமான குடிநீருக்கு அதுவே ஆபத்து. ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவில் மெத்தனால் கழுவல் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாம்பிளை முதலில் நீர்க்கச் செய்து மேலோட்டமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு இயந்திரத்தில் ஏற்றுவது நல்லது. குடிநீருக்கு ஒரு இயந்திரம், கழிவுநீருக்கு ஒரு இயந்திரம் என்று பிரித்துவைக்க முடிந்த ஆய்வகங்கள் கொடுத்துவைத்தவை.

புது இயந்திரம் வந்தது. முதல் வாரம் என்ன செய்வது?

சாம்பிளைத் தொடாதீர்கள். ஒவ்வொரு போர்ட்டிலும், அதாவது கார்ட்ரிட்ஜ் மாட்டும் ஒவ்வோர் இடத்திலும், ஒரு பிளாங்க் ஓட்டுங்கள். ஆறு போர்ட் இருந்தால் ஆறு பிளாங்க். நாலாவது போர்ட்டின் வால்வில் மட்டும் மாசு இருந்தால், முதல் போர்ட்டில் ஓட்டிய பிளாங்க் அதைச் சொல்லாது. இதுவும் 537.1 முறையிலேயே உள்ள அறிவுரை.

அடுத்து ஸ்பைக். அளவு தெரிந்து சேர்த்தது 70 முதல் 130 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்க வேண்டும் (இதுதான் ரெக்கவரி), திரும்பத் திரும்பச் செய்யும்போது ஒப்பீட்டுத் திட்டவிலக்கம், அதாவது ரிசல்ட்டுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிறகு, அறிக்கை தரும் மிகக் குறைந்த அளவில் ஏழு சாம்பிள் தயாரித்து அந்த அளவைத் தாங்குகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இதையும் வேறு வேறு போர்ட்டுகளில் பிரித்துப் போடுங்கள். கைமுறையில் ஏற்கெனவே தேறிவிட்டோமே என்று இதைத் தவிர்க்க முடியாது.

533, 537.1 இரண்டில் எது?

537.1 முறை 2018ல் வந்தது, 18 சேர்மங்கள். 533 முறை 2019 டிசம்பரில், 25 சேர்மங்கள். குட்டையான சங்கிலிகளை அது பிடிக்கும். இரண்டையும் சேர்த்தால் 29. அமெரிக்கா 2023 முதல் 2025 வரை நடத்திய நாடு தழுவிய குடிநீர்க் கண்காணிப்பு அந்த 29ஐயும் லித்தியத்தையும் கேட்டது. இரண்டுக்கும் கார்ட்ரிட்ஜ் வேறு, பஃபர் வேறு, வேகமும் வேறு: 537.1ல் நிமிடத்துக்கு 10 முதல் 15 மில்லி. ஒரே இயந்திரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்ட முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

கழிவுநீரும் கலங்கல் நீரும் ஓடுமா?

2024 ஜனவரியில் இறுதியான ஈபிஏவின் 1633 முறை கழிவுநீர், மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், மண், கசடு, மீன் திசு எல்லாவற்றுக்கும் உரியது, 40 சேர்மங்கள். அங்கே இயந்திரம் திணறும் இடம் வண்டல். வண்டல் கார்ட்ரிட்ஜின் வாயை அடைத்துவிடும். பம்ப் தள்ளிக்கொண்டே இருக்க அழுத்தம் ஏறி, ஏதோ ஓர் இணைப்பு கசியும். மனிதர் பார்த்துக்கொண்டிருந்தால் சொட்டு நிற்பதைக் கண்டு வேக்கத்தைக் கூட்டுவார், குச்சியால் தட்டுவார். இயந்திரம் பிழை காட்டி நின்றுவிடும், அதுவும் இரவில் ஓடவிட்டுப் போயிருந்தால் காலையில்தான் தெரியும்.

கார்ட்ரிட்ஜின் மேல் கண்ணாடி இழைப் பஞ்சு வைப்பது வழக்கம், அது ஓரளவு தாங்கும். தண்ணீரை வடிகட்டிவிட்டு ஏற்றலாமே என்று தோன்றும். வண்டலோடு ஒட்டிய பிஃபாஸும் வடிகட்டியில் போய்விடும், ஆகவே அது தீர்வல்ல. மிகக் கலங்கல் என்றால் கைமுறைக்குத் திரும்புவதே மேல் என்பது என் அபிப்பிராயம். இயந்திரம் வைத்திருக்கும் ஆய்வகம் மேனிஃபோல்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடக் கூடாது.

நைட்ரஜன் வற்றலையும் தானியங்கி ஆக்கலாமா?

ஆக்கலாம். ஆனால் அவசரம் வேண்டாம். 533 முறையில் முழுவதும் வற்றவிட்டு, 20 சதவீதம் தண்ணீர் கலந்த மெத்தனாலில் மறுபடி கரைக்கிறோம். நீர்த்தொட்டி 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. வற்றிய பிறகும் வாயு ஊதிக்கொண்டே இருந்தால் எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் போய்விடும். எந்தக் குழாய் முதலில் வற்றியது என்று ஒளி உணரியால் பார்த்து நிறுத்தும் கருவிகள் உண்டு. ஊதும் ஊசி முனைகளையும் மறக்காமல் மெத்தனாலில் துடைக்க வேண்டும்.

மண்ணுக்கும் இதே இயந்திரம்தானா?

இல்லை. மண்ணிலிருந்து பூச்சிக்கொல்லி, பிசிபி (பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த நச்சுச் சேர்மங்கள்), எரிபொருள் சிதைவுப் பொருள்கள் எடுப்பதற்கு வேறு பரம்பரை. 1879ல் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் பாலின் கொழுப்பை அளக்கச் செய்த கண்ணாடி அமைப்புதான் நூறாண்டுக்கு மேல் வேலை பார்த்தது: சுமார் 300 மில்லி கரைப்பான், 16 முதல் 24 மணி நேரக் கொதிப்பு. 1995ல் டயோனெக்ஸ் நிறுவனம் அழுத்தக் கரைப்பான் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எஃகுக் கலத்தில் மண்ணை அடைத்து, 100 டிகிரி வெப்பத்தில், 1500 முதல் 2000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கரைப்பானைத் திரவமாகவே வைத்துப் பிழியும். கொதிநிலைக்கு மேல் சூடானாலும் ஆவியாகாததால் கரைப்பான் மண்துகளுக்குள் வேகமாக நுழைகிறது. ஒரு சாம்பிளுக்குப் பதினைந்து நிமிடம் போல, கரைப்பானும் சில பத்து மில்லிதான். ஈபிஏ இதை 3545 என்ற முறையாக ஏற்றது. தானியங்கியால் உண்மையாகவே வாழ்க்கை மாறியது எந்த வேலையில் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

டையாக்ஸின் என்ற நச்சுச் சேர்மங்களுக்கு?

அங்கே பிரித்தெடுப்பதைவிடச் சுத்திகரிப்பு பெரிய வேலை. அமிலமும் காரமும் ஏற்றிய சிலிக்கா, அலுமினா, கார்பன் என்று வரிசையாகக் கண்ணாடித் தூண்களை நிரப்பி, ஒவ்வொன்றாக ஊற்றி இறக்க வேண்டும். 1999ல் பெல்ஜியத்தில் கோழித் தீவனக் கொழுப்பில் பிசிபியும் டையாக்ஸினும் கலந்த விவகாரத்தின்போது இவ்வளவு சாம்பிளையும் எப்படி முடிப்பது என்பதே பிரச்சினையானது. முன்கூட்டியே நிரப்பிய தூண்களும், வால்வால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் திருப்பிவிடும் இயந்திரங்களும் இந்த வேலையில்தான் நன்றாக நிலைத்துவிட்டன. ஆய்வாளரின் மூக்குக்கு எட்டும் கரைப்பான் குறைந்ததை நான் பெரிய லாபமாக நினைக்கிறேன்.

ஈயம், காட்மியம், பாதரசம்?

மூடிய கலத்தில் மைக்ரோவேவ் செரிமானம், அதாவது அமிலத்தில் சூடாக்கிக் கரைப்பது. ஈபிஏ 3051ஏ முறையில் அரை கிராம் வரை மண், 10 மில்லி நைட்ரிக் அமிலம், ஐந்தரை நிமிடத்தில் 175 டிகிரிக்கு ஏற்றி, மொத்தம் 10 நிமிடம். பாதரசம் பறந்துவிடும் தன்மையுள்ளது என்பதால் திறந்த பீக்கரில் சூடாக்கக் கூடாது. 2001ல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை நிலத்தைப் போன்ற மண்ணைச் சோதிக்கும்போது இதில் கவனம் சிதறினால், இருக்கிற பாதரசம் இல்லை என்று வரும்.

இந்தியாவில் ஓர் ஆய்வகம் இப்போதே வாங்க வேண்டுமா?

என்ன அளவில் அறிக்கை கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 2012ல் வந்த இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500ல் பூச்சிக்கொல்லிகளான டிடிடிக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், லிண்டேனுக்கு 2, பிசிபிக்கு 0.5. மைக்ரோகிராம் என்றால் நானோகிராமைவிட ஆயிரம் மடங்கு. இந்த அளவுக்கும் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து சாம்பிளுக்கும் நல்ல மேனிஃபோல்டும் நல்ல கையும் போதும். ஏற்றுமதியாளருக்கோ வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ நானோகிராமில் அறிக்கை தர வேண்டும், தினமும் ஒரு முழுத் தொகுதி ஓடுகிறது என்றால் இயந்திரம் தன் விலையைச் சம்பாதிக்கும். கார்ட்ரிட்ஜும் மெத்தனாலும் இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே அளவு செலவாகும், மிச்சமாவது ஆள்நேரம்.

ஆட்களைக் குறைத்துவிடலாமா?

வேண்டாம். சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளருக்குத்தான் எந்தச் சத்தம் வந்தால் வால்வு தேய்கிறது, எந்த நிறத்தில் சாம்பிள் வந்தால் அடைக்கும் என்று தெரியும். அவரை இயந்திரத்தின் பொறுப்பில் வையுங்கள். புதிதாகச் சேர்பவரையும் முதல் சில தொகுதிகளாவது கையால் செய்யவிடுங்கள். கார்ட்ரிட்ஜ் உலர்ந்தால் ரெக்கவரி என்ன ஆகும் என்று கையால் செய்தவருக்கே, இயந்திரம் தப்பு செய்யும்போது பிடிபடும்.

விற்பனையாளர் நாளை வருகிறார். என்ன கேட்பது?

சாம்பிள் தொடும் ஒவ்வொரு பாகமும் எந்தப் பொருளால் ஆனது என்று எழுத்தில் கேளுங்கள், ஓ-ரிங் உட்பட. எல்லாப் போர்ட்டுகளின் பிளாங்க் ரிசல்ட்டையும் கேளுங்கள். சராசரி வேண்டாம், ஒவ்வொன்றும் தனித்தனியாக. செறிவான சாம்பிளை அடுத்து ஓடிய பிளாங்கின் எண் என்ன? பாட்டிலை எப்படிக் கழுவுகிறது, எத்தனை மில்லியில்? மின்சாரம் நின்று வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, சாம்பிள் வீணா? நம் ஊரில் இதைக் கேட்டே ஆக வேண்டும். வால்வு ரோட்டர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உதிரிப்பாகம் இந்தியாவில் இருக்கிறதா, இல்லை கப்பலில் வர வேண்டுமா? டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் தண்ணீரை வைத்துக் காட்டினால் மறுத்துவிட்டு, உங்கள் ஆய்வகத்துக்கு வழக்கமாக வரும் மிக மோசமான கலங்கல் நீரில் இரண்டு பாட்டிலை எடுத்துக் கொடுங்கள்.